பிற, இருந்தால்

வெள்ளி மாலை நாலு மணிக்குள்
துறையின் சாதனைகளை ஏற்றிவிட வேண்டும் என்று
பதிவாளர் அலுவலகச் சுற்றறிக்கை.
தலைவர் லீவு. மாமியாருக்குக் கண் ஆபரேஷன்.
தொகுப்பூதியத் தட்டச்சு நான்;
சமயவியலில் எனக்குத் தெரிந்தது
யாருக்குச் சீனி இல்லாத டீ என்பது.

பேட்டைக்கு மேற்கே ஆனிக் காற்று
ஜன்னல் கொக்கியைப் பிடித்து ஆட்டுகிறது.
படிவம் ஏழு. கட்டம் ஒன்று: நூல்கள்.

தேவஇரக்கம் சாரின் நூல்.
மூலைக்கரைப்பட்டிக்குத் தெற்கே
ஒரு கோயிலின் அடக்கப் பதிவேடு
(சர்ச் என்றால் அவருக்குப் பிடிக்காது,
கோயில்தான்).
தாது வருஷத்துப் பஞ்சம்.
கரையான் தின்றது போக நானூறு பக்கங்களை
ஆறு வருஷம் படியெடுத்தார்.
அறுபத்தோரு இடத்தில்
'பெயர் தெரியவில்லை' என்றே எழுதிப் போகிற உபதேசியார்
ஓரிடத்தில் மட்டும்
'பெயர் தெரியவில்லை. பாடிக்கொண்டிருந்தாள்'
என்று எழுதியிருக்கிறார்.
அதைத் தட்டச்சு செய்த அன்று சார் எழுந்து வந்து,
நடுவில் முற்றுப்புள்ளி இருக்கா பாரும்மா என்றார்.
பார்த்தேன். இருந்தது.

கட்டம் இரண்டு.
முனவ்வரா மேடத்தின் கட்டுரை
வெளிநாட்டு இதழில்.
காயல்பட்டினத்துப் பெட்டகம் ஒன்றில் கிடைத்த நோட்டு,
அரபு எழுத்தில் தமிழ்;
பிரசவ வலிக்கு ஓதுகிற துஆவுக்கு நடுவே
சீலா மீன் கடன் மூன்றணா.
ழகரத்துக்கு அந்த அம்மாள்
தானாகவே ஒரு புள்ளி கண்டுபிடித்திருந்தாளாம்.
முப்பத்திரண்டு பக்கமும் அந்தப் புள்ளியைப் பற்றித்தான்.
'மீன்காரிக்குக் கடன் அடைஞ்சுதா மேடம்?' என்றேன்.
'அதுக்கு இன்னொரு கட்டுரை எழுதணும்' என்றார்,
சிரிக்காமல்.

பரமகல்யாணி
போன வருஷம் எழுதியதை
இந்த வருஷம் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.
களக்காட்டுப் பாதையில் மாடன் பீடத்துக் கல்
முந்நூறு வருஷப் பழசு என்று எழுதியிருந்தாள்.
மழையில் மஞ்சணை கரைந்த பின்புறத்தில்
ஏதோ தட்டுப்பட, விரலால் தடவினால்
9 மைல்.
பூசாரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாளாம்.
'தெரியுமே, எங்க அய்யாதான் திருப்பி நட்டாவ'
என்றுவிட்டு
தேங்காய் உடைக்கப் போய்விட்டார்.
தன் தப்பைத் தானே நிரூபித்து
இதழாசிரியருக்கு அவள் எழுதிய கடிதம்
ஒன்றரைப் பக்கம்.
இந்த அறையில் நான் அடித்ததிலேயே நல்ல தமிழ்.
அதற்குக் கட்டம் இல்லை.
கழித்தல் ஒன்று போடச் சொல்கிறது.

உச்சிமாகாளிக்குப் பட்டம் கிடைத்தது.
கொடைக்கு ஒலிபெருக்கி கேட்டுக்
காவல் நிலையங்களில் கொடுத்த மனுக்கள்,
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு;
எந்தத் தெரு சாமிக்கு எத்தனை மணி வரை அனுமதி என்று
அட்டவணை அட்டவணையாகப் போட்டிருந்தான்.
வாய்மொழித் தேர்வில், எல்லாம் முடிந்த பிறகு,
வெளியூர்த் தேர்வாளர் சாய்ந்து உட்கார்ந்து
'தம்பிக்குக் குலதெய்வம் எது?' என்றார்.
கேள்வி எதைத் தேடுகிறது என்று
அறையில் எல்லாருக்கும் தெரியும்,
டீத் தட்டோடு நின்ற எனக்கும்.
'பக்கம் இருநூற்றுப் பதினாலு சார்,
அட்டவணை ஆறு.
எட்டு மணியோட நிறுத்தச் சொன்ன தெரு'
என்றான்.
அறிக்கையில்
'விடைகள் திருப்தியளித்தன' என்று இருக்கிறது.

நூல் 1. கட்டுரை 1, கழித்தல் 1.
பட்டம் 1. விருது 0.
கடைசிக் கட்டம்: பிற, இருந்தால்.
மணி மூன்று ஐம்பத்தெட்டு.
அதில் அடித்தேன்:
பெயர் தெரியவில்லை. பாடிக்கொண்டிருந்தாள்.

எண்களை மட்டும் உள்ளிடவும் என்று
சிவப்பில் வந்தது.

1 என்று போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

ஜங்ஷன் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்.
ஃப்ளாஸ்க்கைக் கழுவ வேண்டும்.